மூடின ஹெல்மெட்டா, திறந்த ஹெல்மெட்டா?

என் செல்லத் தம்பி குமாருக்கு,

நீ உயிரோடு இருந்தவரைக்கும் உனக்கு நான் ஒரு வரிகூட எழுதியதில்லை. ஒரே வீட்டில் இருக்கிறவனுக்கு எதற்குக் கடிதம்? "டேய்" என்று ஒரு குரல் கொடுத்தால் வந்து நிற்பாய். இப்போது குரல் கொடுக்க வழியில்லை, அதனால் எழுதுகிறேன். இதை நாலு பேர் படித்தாலும் படிக்கட்டும்.

உனக்கு வருஷத் திதி கொடுத்தாயிற்று. உப்பளத்தில் இந்த வருஷம் வெயில் ஜோராகக் காய்கிறது, பாத்தியெல்லாம் வெள்ளை வெளேரென்று விளைந்து கிடக்கிறது. உன் பெண்டாட்டி தனம் ஒரு வேளைதான் சாப்பிடுகிறாள். திட்டியும் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன். அவள் பிடிவாதம்தான் உனக்குத் தெரியுமே!

போலீஸ் ஸ்டேஷனிலிருந்து திரும்பி வந்த உன் பைக்கை இத்தனை நாளும் சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தோம். போன மாதம் தனம் அதைத் தன் தம்பி ஏழுமலைக்குக் கொடுத்துவிட்டாள். அவனுக்குப் பாண்டிச்சேரியில் வேலை கிடைத்திருக்கிறது, நம் வீட்டில் தங்கித்தான் போய் வருகிறான். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட உட்கார்ந்தவன் சாதாரணமாகத்தான் கேட்டான்.

"யக்கா, ஹெல்மெட் ஒண்ணு எடுக்கலாம்னு இருக்குறேன். மூஞ்சிய மூடுறது எடுக்கட்டுமா, தொறந்தது எடுக்கட்டுமா?"

தனம் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். "என்னைக் கேக்காதடா. நான் கைகாட்டி எடுத்துக் குடுத்துதான் ஒரு உசுரு போச்சு."

அவன் என் பக்கம் திரும்பினான். "நீங்களாச்சும் சொல்லுங்கக்கா."

"கொழம்பு ஊத்தட்டுமா?" என்று கேட்டேன். அவன் வெறுந்தலையோடு கிளம்பிப் போனான். இன்று காலையிலும் வெறுந்தலையோடுதான் போனான். இந்த ஈசிஆர் ரோட்டில் லாரி எப்படிப் போகும் என்று உனக்கு நான் சொல்லவேண்டுமா?

ஆரோவில்லில் நீ வேலை செய்த மரப்பட்டறையில், ஹெல்மெட் போடாமல் வரக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார்கள். நீ மூடின ஹெல்மெட்டை வாங்கிக்கொண்டு வந்தாய். "குடத்தைக் கவுத்துக்கினு வர்றான் பாரு" என்று தெருவே கேட்க உன்னைக் கேலி பண்ணினேன். பாவம், அதற்குள்ளே உன் முகம் புழுங்கி வேர்க்குரு போட்டது. கூனிமேட்டு டீக்கடையில் சிநேகிதர்கள் கூப்பிட்டது காதில் விழாமல் நீ போய்விட, "ஆரோவில் போனதும் பையனுக்குத் திமிரு வந்துடுச்சு" என்று பேசினார்கள். அப்படியும் நீ அதைக் கழற்றவில்லையே. அதை நினைத்தால்தான் என் மனசு ஆறவே மாட்டேனென்கிறது.

சுனாமி வந்து ஊரே கலங்கிக் கிடந்ததற்குப் பிறகு வந்த உப்பு சீசன் அது. மூன்று மாதம் போயிருக்கும். ஒருநாள் வந்து சொன்னாய்: "யக்கா, எதிர்ல லாரி லைட் அடிச்சா ஹெல்மெட் கண்ணாடி பூரா வெளிச்சமா செதறுது. ரோடே தெரியல. உசுரைக் கையில புடிச்சிக்கினு வர்றேன்." கண்ணாடியைத் தூக்கிவிட்டு ஓட்டினால் மணலும் பூச்சியும் கண்ணில் அடித்தது. நீயும் தனமும் பாண்டிச்சேரிக் கடைக்குப் போனீர்கள். அந்தக் கண்ணாடி மட்டும் தனியாக வராது என்று கடைக்காரர் சொல்லிவிட்டாராம். "இதுல உங்க மூஞ்சி நல்லா தெரியுது, இதையே எடுத்துக்கங்க" என்று தனம் திறந்த ஹெல்மெட்டைக் காட்டியிருக்கிறாள். வீட்டுக்கு வந்து அவளே வெட்கத்தோடு என்னிடம் சொன்னாள்.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. பொம்மையார்பாளையம் தாண்டி, ரோட்டில் ஏறிக் கிடந்த மணலில் சறுக்கி முகம் குப்புற விழுந்தாய். ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னையும் தனத்தையும் கூப்பிட்டார். "தலைக்கு ஒண்ணும் இல்லம்மா. தாடை நொறுங்கி, ரத்தம் மூச்சுக்குழாய்ல எறங்கிடுச்சு" என்றார். பக்கத்தில் நின்ற யாரோ ஒரு ஆள், "முழுசா மூடுறது போட்டிருந்தா பொழைச்சிருப்பாரு" என்று சொல்லிவிட்டுப் போனான். அந்தச் சொல் தனத்தின் காதில் விழுந்தது. அன்றைக்குக் குனிந்த தலை இன்னும் நிமிரவில்லை.

உன் காரியம் முடிந்த மறுநாள் பரணிலிருந்து அந்தப் பழைய ஹெல்மெட்டை எடுத்தேன். யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றுதான் எடுத்தேன். வாசல் வெளிச்சத்தில் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தபோது உப்புத்தாளில் தேய்த்த மாதிரி இருந்தது. அவ்வளவும் வட்டவட்டமாக, மெல்லிய கீறல்கள். அந்த வட்டம் எனக்குத் தெரிந்த வட்டமாக இருந்தது.

நீ சாயங்காலம் வந்ததும் ஹெல்மெட்டைத் தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் வைப்பாய். உப்பளத்திலிருந்து வந்த கையோடு, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து அந்தக் கண்ணாடியை வட்டவட்டமாக அழுத்தி அழுத்தித் துடைத்து வைப்பேன். யாரும் என்னைத் துடைக்கச் சொல்லவில்லை. என் வாய்க்கு ஏசத்தான் தெரியும், பாசத்தை அப்படித் துடைத்துத்தான் காட்டத் தெரிந்தது. எங்களுக்கு உப்பு ஒரு அழுக்கா தம்பி? காலில் ஒட்டினால் தட்டிவிடுவோம், துண்டில் காய்ந்தால் உதறிவிட்டு அதிலேயே முகம் துடைப்போம். ஓரத்தில் கீறல் படாத இடம் கொஞ்சம் இருந்தது. தோளில் கிடந்த துண்டால் அங்கே ஒரு தரம் தேய்த்துப் பார்த்தேன். துண்டிலிருந்த உப்பு கீறிக் கோடு விழுந்தது.

ஹெல்மெட்டைப் பரணிலேயே திரும்ப வைத்துவிட்டேன். ஒரு வருஷமாக வாயைத் திறக்கவில்லை. தான்தான் உன்னைக் கொன்றோம் என்று தனம் தினமும் செத்துக்கொண்டிருக்கிறாள். நான் பார்த்துக்கொண்டு இருக்கிறேன்.

மூடினதையே எடு, ஆனால் துணியால் தேய்க்காதே, தண்ணீர் ஊற்றிக் கழுவு என்று ஏழுமலைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பானே? அந்தப் பயத்தில் அவனையும் வெறுந்தலையோடு அனுப்பிவிட்டேன். நான் என்ன ஜென்மம், சொல்!

சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நம்பவில்லை. நீ வரப்போவதில்லை. தனத்தின் பாரமும் இறங்காது, அதோடு என்மேல் வெறுப்பும் சேரும், அவ்வளவுதான். எதைப் போட்டிருந்தாலும் அந்த மணல் உன்னை விட்டிருக்குமா என்று யாருக்குத் தெரியும்? ஆனாலும் நாளைக் காலையில் தனம் வாசல் தெளித்துவிட்டு உள்ளே வந்ததும் சொல்லப்போகிறேன். ஏழுமலை அன்றைக்கு வண்டியை எடுப்பதற்கு முன்னால் அவனிடமும் சொல்வேன். இது உன்மேல் சத்தியம்.

தனம் அழுவாள், அடித்தாலும் அடிப்பாள். எல்லாவற்றையும் வாங்கிக்கொள்வேன். "ஒரு வருஷமா ஏன் அண்ணி சும்மா இருந்தீங்க?" என்று கேட்டால்தான் என்ன செய்வேன் என்று தெரியவில்லை. புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்தவள் நான். எனக்கு இந்த வீட்டை விட்டால் போக்கிடம் இல்லை, அதனால்தான் அவளே உன்னைச் சாகடித்தவளாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். இதையும் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுகிறேன், தம்பி.

உன்னோடு கூடப்பிறந்த
செல்வி அக்கா