ஹார்கிரீவ்ஸின் இடத்தில் ஈஸ்வர் மாமா

இலக்கியாவுக்கு,

இரண்டு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். நானும் அம்மாவும் நலம், உன் நலத்தை அவள் போனில் பேசும்போது பக்கத்து அறையிலிருந்து தெரிந்துகொள்கிறேன். என்னைக் கேட்காமல் லண்டனுக்குச் சட்டம் படிக்கப் போனவளோடு போனில் பேசமாட்டேன் என்றுதான் சொன்னேன், எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை.

பரீட்சைக் கேள்வியில் வரும் பெயர்கள் குழம்பி, விற்றவனை வாங்கியவனாக்கி, இரண்டு முறை தோற்றாய் என்றும் அடுத்த மாதம் எழுதுவதே கடைசி வாய்ப்பு என்றும் அம்மா அழுதாள். நீ அம்மாவின் போனுக்கு அனுப்பிய பழைய கேள்வித்தாளை மல்லசமுத்திரத்தில் பிரிண்ட் போட்டு வாங்கிவந்தேன். ஹார்கிரீவ்ஸ் தன் நிலத்தில் பின்பாதியை ஹார்ட்லிக்கு விற்று முன்பாதி வழியாகப் பாதை கொடுக்கிறான், பிறகு முன்பாதியை ஹார்கிரோவுக்கு விற்கிறான், அவன் கேட் போட்டு அடைக்கிறான். மூன்று தடவை படித்தும் எனக்கே தலை சுற்றியது. அப்புறம்தான் பிடிபட்டது, இது நம் காட்டு நிலத்தின் கதையேதான். ஹார்கிரீவ்ஸை அடித்துவிட்டு உன் ஈஸ்வர் மாமா என்று எழுதினேன், பாதை உண்டு என்று சத்தியம் செய்து எனக்கு விற்றவர் அவர்தானே. ஹார்ட்லி நான். கேட் போட்டவன் என் அண்ணன் குமாரசாமி, அந்த முகத்தை நான் மறப்பேனா. பத்தே நிமிஷத்தில் யார் யாருக்கு என்ன செய்தார்கள் என்று தெளிவாகிவிட்டது. பதினெட்டு வருஷமாக நான் சுமக்கும் வயிற்றெரிச்சல் ஒரு காரியத்துக்கு உதவியது என்று வாய்விட்டுச் சிரித்தேன்.

சிரிப்பைக் கேட்டு வந்த அம்மா, ஏனுங்க, என்னாச்சு என்றாள். அண்ணனை லண்டன் கோர்ட்டில் ஏற்றிவிட்டேன் என்றேன். தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, உங்கண்ணன் காட்டுக்குத்தானுங்க கேட் போட்டாரு, பெத்த புள்ளைக்கு ஊட்டு வழியையே அடைச்சது ஆருங்க என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். ஒரு மணி நேரம் எனக்குக் கோபம். பிறகு பேனாவை எடுத்து குமாரசாமியை அடித்து என் பெயரை எழுதினேன், ஹார்ட்லியின் இடத்தில் உன் பெயரை எழுதினேன். நீயும் அப்படியே செய், சாமி. உனக்கு யார்மேல் கோபமோ அவர்களைப் போட்டுக்கொள், ஆள் ஒருநாளும் மாறாது. ஆனால் முதலில் கடைசி வரியைப் படித்து யாருக்கு ஆலோசனை சொல்லக் கேட்கிறார்கள் என்று பார். நம் பெயர்களெல்லாம் குறிப்புத் தாளோடு நிற்கட்டும், விடைத்தாளில் அவர்கள் கொடுத்த பெயரையே எழுது, அங்கே போய் ஈஸ்வர் மாமா என்று எழுதிவைக்காதே.

மூன்று கேள்விகளை இப்படி மாற்றி உடன் வைத்திருக்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு, பரீட்சைக்கு முந்தின நாள் தூங்கு. இந்த முறை நீ ஜெயிப்பாய், என் ஆசீர்வாதம் உண்டு. கீழே கையெழுத்துப் போட்டால், அப்பா சமாதானமாகிவிட்டார் என்று உன் அம்மா எருமப்பட்டி வரைக்கும் போன் போட்டுச் சொல்லிவிடுவாள். அதனால் போடாமலே இன்றைய தபாலில் சேர்க்கிறேன்.