"ஆட்சேபணை இல்லை" என்று எழுதிய தாள்

கடற்கரைத் திட்டத்தின் புது வரைவைப் போன வாரம் ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்தேன். மெஷினிலிருந்து வந்த தாள் சூடாக இருந்தது. அந்த மை வாசனை மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்துவிட்டது. அரசாங்கத் தாள் எதைக் கொடுத்தாலும் முதலில் மோந்து பார்ப்பவன் நீ. "சூடு ஆறலடா, இப்பத்தான் சுட்டிருக்கானுவ" என்பாய். கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நானும் மோந்துகொண்டுதான் நின்றிருக்கிறேன்.

படத்தில் முதலில் தேடியது நம் முகத்துவாரத்தை. எங்கள் கடைமடை வயல்களின் தண்ணீரெல்லாம் வடிகால் வழியாக வந்து, உங்கள் குப்பத்து மணலைத் தாண்டித்தான் கடலில் விழ வேண்டும். ஐப்பசி மழையில் மணல் முகத்துவாரத்தின் வாயை அடைத்துக்கொண்டால் இளம்பயிர் முழுகிவிடும். அன்றைக்கு நாங்கள் மம்பட்டியோடும் அரிசி மூட்டையோடும் வருவோம். நீரோட்டம் பார்த்து எந்த இடத்தில் வெட்டுவது என்று நீ சொல்வாய். வாய் திறந்து தண்ணீர் ஓடத் தொடங்கியதும் எங்கள் அரிசியும் உங்கள் மீனும் ஒரே அடுப்பில் வேகும். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த நம் சிநேகிதம் அந்த மணலில்தான் நாற்பது வருஷம் ஓடியது.

இந்த வழக்கமெல்லாம் எந்தப் பதிவேட்டிலும் கிடையாது. முந்தைய வரைவு வந்தபோதுதான் அது நமக்கு உறைத்தது. கரையில் எங்கே கட்டலாம், எங்கே கூடாது, எந்த இடம் யாருடைய புழக்கத்தில் இருக்கிறது என்று அரசாங்கம் ஒரு படம் போடுகிறது. முதலில் வரைவை வெளியிடுவார்கள். ஆட்சேபணை சொல்ல நாள் கொடுப்பார்கள். பொதுமக்கள் கருத்துக்கேட்பு என்று ஒரு கூட்டம். அதற்குப் பிறகு இறுதிப் படம். அதில் இல்லாதது கரையிலும் இல்லை என்றாகிவிடும். அந்த வரைவில் உங்கள் வலை காயும் இடமும் முகத்துவாரமும் சேர்ந்து வெறும் மணல்பரப்பாக இருந்தன. படம் முழுக்க இங்கிலீஷ். கூட்டம் இருக்கிறது என்று நமக்குத் தெரிந்ததே மூன்று நாள் முன்னால்தான்.

ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம். வாசலில் ஒரு பெண் நோட்டை நீட்டி, "பேரு, ஊரு எழுதி கையெழுத்து போடுங்க சார், அட்டெண்டன்ஸ்தான்" என்றது. நீ நோட்டைப் புரட்டிப் பார்த்தாய்.

"தலைப்பே இல்லடா. வெறும் கோடு. பின்னால என்னத்த ஒட்டுவானுவளோ, நான் போட மாட்டேன்."

"பொண்டாட்டி குடுக்குற டீயக்கூட நீ சந்தேகப்படுவ" என்று சிரித்துவிட்டு நான் போட்டேன். இரண்டு ஊருக்கும் நீ பேசுவது என்று ஏற்கெனவே பேசி வைத்திருந்தோம். எழுதிக்கொண்டு போகலாம் என்று நான் சொன்னதற்கும் நீ ஒத்துக்கொள்ளவில்லை. நம் எழுத்தையே நமக்கு எதிராகத் திருப்புவார்கள் என்றாய்.

மைக்கில் நீ பேசியது இப்போதும் காதில் இருக்கிறது. "வெறும் மண்ணுன்னு போட்டிருக்கீங்களே, எங்களப் பாத்தா மண்ணு மாதிரியாங்க இருக்கு? வல காயிற எடம் எங்க? அவங்க வயத்தண்ணி போற வாய் எங்க?" மண்டபமே கைதட்டியது. மேடையில் இருந்தவர்களும் தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டலை நான் நம்பிவிட்டேன்.

இறுதிப் படத்திலும் வெறும் மணல்தான். அடுத்த வருஷம் ஒரு கம்பெனி வந்து வேலி போட்டது. ஐப்பசியில் உள்ளே போய் வாய் வெட்ட அனுமதி கேட்டு நாங்கள் வெளியே நின்றபோது, ஒரு வாரம் சம்பா தண்ணீரில் நின்று அழுகியது. அப்போதுதான் ஊரில் அந்தப் பேச்சு கிளம்பியது. நீ பேசியது ஏன் படத்தில் ஏறவில்லை? உன் மகனுக்குக் கம்பெனியில் வேலையாமே? மகன் சிங்கப்பூரில் இருப்பது எனக்குத் தெரியும். தெரிந்தும், இருக்கலாம் என்று நினைத்தேன். டீக்கடையில் நாலு பேரிடம் அதைச் சொல்லவும் சொன்னேன்.

இரண்டு வருஷம் உன்னோடு பேசவில்லை. மாசியில், வலை பிரித்துக்கொண்டிருந்தவன் அப்படியே சாய்ந்துவிட்டாய் என்றார்கள். சாவுக்கு வந்தேன். கூட்டத்தோடு நின்றுவிட்டுக் கூட்டத்தோடு திரும்பினேன்.

அதற்குப் பிறகுதான், ஏதோ ஒரு அரிப்பில், தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு அந்தக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பை வாங்கினேன். உன் பேச்சு அதில் ஒரு வரிகூட இல்லை. நோட்டில் பெயர் இல்லாதவர் பேசியது கணக்கில் வராதாம். கடைசிப் பக்கத்தில் கலந்துகொண்டவர்கள் பட்டியல். அதில் என் பெயர், என் கையெழுத்து. எதிரே, "ஆட்சேபணை இல்லை". நீ கையெழுத்துப் போட்டிருந்தால் உன் பேச்சு ஏறியிருக்குமோ என்னவோ. ஆனால் நம் முகத்துவாரத்தை விட்டுக்கொடுத்த தாளில் இருந்தது என் கையெழுத்துதான். 

இப்போது புது வரைவு. முகத்துவாரத்தை மெல்லிசாக ஒரு நீலக் கோடாகப் போட்டிருக்கிறார்கள். ஏன் போட்டார்கள் என்றுதான் யோசிக்கிறேன். வலை காயும் இடம் இன்னும் வெறும் மணல். இந்தத் தடவை எழுதியே கொடுப்பது என்று மனுவோடு உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவி உட்காரச் சொன்னது. தாளை வாங்கவில்லை.

"நீங்களே படிங்கண்ணே."

படித்தேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னது. அப்புறம் பேனாவை வாங்கி, கடைசி வரிக்குக் கீழே இருந்த காலி இடம் முழுக்க ஒரு கோடு இழுத்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டது. அரசாங்கத்தை நம்பாமல் அல்ல, என்னை நம்பாமல் என்று எனக்குப் புரிந்தது. 

எழுந்தபோது அதுவே சொன்னது: "நீங்க நேர்ல வந்து ஒரு வார்த்த கேட்டிருந்தா அவரு சொல்லியிருப்பாரு. ரெண்டு வருஷமும் சாயங்காலம் ஆனா வடிகால் கரையிலதான் போயி உக்காந்திருப்பாரு. நீங்க வயலுக்கு வர்ற வழின்னு."

அந்த இரண்டு வருஷமும் நான் ரோட்டு வழியாகச் சுற்றித்தான் வயலுக்குப் போனேன், மாப்ளே. மனுவைக் கொடுத்து, தேதியும் முத்திரையும் போட்ட நகலை நின்று வாங்கி வந்துவிட்டேன். நாளைக் கூட்டத்தில் நோட்டின் தலைப்பைப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன். உன்னிடம் கேட்க வேண்டியிருந்ததை உன்னிடம் கேட்காமல் ஊரிடம் கேட்டேனே, அதற்கான மன்னிப்பு மனுவை மட்டும் யாரிடம் கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை.