முகம் கழுவிய பின் எடுத்த அளவு

அன்புள்ள கோமதிக்கு,

இந்த ‘அன்புள்ள’வை நீ இருந்தபோது நான் உன்னிடம் செலவழித்ததில்லை. சிதம்பரத்து இந்த முதியோர் இல்லத்தில் என்னைக் குளிப்பாட்டிய உன்னிடம், வெந்நீர் ஆறிவிட்டது, கதவைச் சாத்தவில்லை என்று குறைதான் சொல்லியிருக்கிறேன். நீயும் விட்டதில்லை. “கை நல்லாத்தான இருக்குது, நீங்களே சாப்புடுங்க பெரிம்மா” என்று கரண்டியைத் திணித்துவிட்டுப் போவாய்.

கொரோனாவின் இரண்டாம் கோடையில் வெப்பமானியும் பதிவேடும் கொடுத்து என்னை வாசலில் உட்காரவைத்தார்கள். கல்லூரியில் இயற்பியல் நடத்தியவள், சக்கர நாற்காலியில் சும்மாதானே இருக்கிறாள் என்று. வெளியாள் ஒருவரையும் நான் உள்ளே விடவில்லை. அதில் எனக்குக் கர்வமும் இருந்தது.

பேருந்து ஓடவில்லை. சேத்தியாத்தோப்பிலிருந்து நீ தம்பியின் வண்டியில் வெயிலில் வெந்து வருவாய், மற்றவர்களும் அப்படித்தான். எல்லோர் நெற்றியும் காய்ச்சல் என்றே காட்டும். அத்தனை பேரையும் திருப்பியனுப்பினால் படுக்கையில் கிடப்பவர்களை யார் துடைப்பது? ஆகவே நானே ஒரு முறை வகுத்தேன்: குழாயடியில் முகம் கழுவிய பிறகுதான் அளவு. நீர் ஆவியாகும்போது தோல் குளிரும் என்பதை எத்தனை வகுப்புகளுக்கு நடத்தியிருப்பேன்!

அன்று நீ கழுவுமுன் நூற்றொன்று காட்டியது. கழுவிய பின் தொண்ணூற்றேழு. பின்னதை மட்டும் எழுதினேன்.

“ஒடம்பெல்லாம் வலிக்குது பெரிம்மா.”

“எனக்குந்தான் வலிக்குது. உள்ள போ.”

“உங்களுக்கு வயசாச்சி. எனக்கின்னா வந்துச்சி?” என்று சிரித்துக்கொண்டே போனாய்.

அடுத்த இரண்டு வாரங்களில், நீ குளிப்பாட்டிய நால்வர் போனார்கள். உன்னைக் கடலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், நீ திரும்பவில்லை. அதே கையால் நீ குளிப்பாட்டிய எனக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. ஏன்?

இப்போதைய செய்தி இது. உன் தங்கை தேவகி போன வாரம் இங்கே வேலைக்குச் சேர்ந்தாள். புதியவர்களுக்கு மேலாளர் வாசலில் என் எதிரிலேயே பாதுகாப்பு விதிகளைப் படித்துக் காட்டினார். ‘ஒரு பணிப்பெண் காய்ச்சலை மறைத்ததால் நால்வர் இறந்தனர்’ என்பது முதல் வரி. தேவகி எழுந்தாள்.

“எங்கக்காவயா சொல்றீங்க சார்?”

அவர் தாளைத் திருப்பினார். நான்தான் வாயைத் திறந்தேன். “அவ மறைக்கல. என்கிட்ட சொன்னா. உள்ள அனுப்பினவ நான்.”

“வுடுங்க மேடம், பழைய கதை” என்றார்.

தேவகி விடவில்லை. “இத்தன வருசம் ஏன் மேடம் சொல்லல? எங்கம்மா ஊர்ல தல நிமிந்து நடக்கல.”

சரியான கேள்வி. கோழைத்தனம் என்பதைப் பதிலாகக் கொள்ளலாமென்றால், அது என்னிடம் இருக்கிறது.

அந்த வரியை நீக்கவைத்தேன். நடந்ததை என் கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன். உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டத் தேவகி எடுத்துப் போனாள். மன்னித்தார்களா என்று நான் கேட்கவில்லை.

இன்று காலை தேவகி, இன்னும் நான் வெப்பமானியோடு உட்காரும் வாசலில் நின்று, “ஒருமாதிரியா இருக்குது மேடம்” என்றாள். வெப்பமானியைத் தொடாமலே திருப்பியனுப்பினேன். என்னைக் குளிப்பாட்ட ஆளில்லை. நேற்றைய அழுக்கோடுதான் இதை எழுதுகிறேன்.

நான் இருக்கும்வரை இந்த வாசலில், வலிக்கிறது என்று ஒருத்தி சொன்னால் அதுவே அளவு. கருவி என்ன காட்டினாலும் சரி.

தேவகிக்கு நான் மேடம்தான். அது நியாயம்.

நீ ஒருத்தி மட்டும் அழைத்த
பெரியம்மா