பெயர் வைக்காத ஆட்டுக்குட்டி

வீட்டுக்காரிக்கு,

குட்டியின் தலை உன் மடியில் இருந்தது. இரண்டு பேரும் ஒரே தாளத்தில் மூச்சு விட்டுக்கொண்டு தூங்கினீர்கள். எழுப்ப மனம் வரவில்லை. முதல் பஸ்ஸை எடுக்க வேண்டும், கிளம்புகிறேன்.

பத்து மணிக்கு மாட்டு டாக்டர் வருவார். ஆமாம், நான்தான் கூப்பிட்டேன். பூசணி விதையை அரைத்து வெல்லத்தில் குழைத்துக் கொடுத்தால் வயிற்றுப் புழு வெளியே வந்துவிடும் என்று நாலு நாளாக ஒற்றைக் காலில் நின்றவனும் நான்தான். "குட்டி போனப்புறம் உங்க வைத்தியத்தை யாருக்குக் காட்டப் போறீங்க?" என்று நேற்று நீ கேட்ட பிறகுதான் போனை எடுத்தேன்.

மருந்துக்கு எடை தெரிய வேண்டுமாம். குட்டியைத் தூக்கிக்கொண்டு மெஷினில் ஏறு, பிறகு உன் எடையைக் கழித்துவிடு. உண்மையான எடையை.

ஜன்னலோரத் தைல டப்பாவில் அதன் புழுக்கை இருக்கிறது, டாக்டருக்காக. தலைவலி என்று திறந்துவிடாதே.

இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன்: பெயர் வைத்தால் மனசு ஒட்டிக்கொள்ளும் என்று உன்னைத் தடுத்தேன் அல்லவா? விடியற்காலைக் கனவில் அது பனிப்புல்லில் துள்ளித் துள்ளி ஓடியது. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், திரும்பிப் பார்த்தது. விழித்ததும் அந்தப் பெயர் மறந்துபோச்சு.

நீயே ஒன்று வை.