உள்ளூர்ப் பெண்ணுக்கு வெளியூர்க் கட்டணம்

மேலக்கரைப்பேட்டை,
22.11.2009

அன்பு மகள் பவானிக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் மழையையும் கொசுவையும் சமாளித்துக்கொண்டு நன்றாகவே இருக்கிறோம். அங்கே நாக்பூரில் நீயும் மாப்பிள்ளை இளவரசும் குட்டி சிந்துஜாவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். போன் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நீ நினைப்பாய். போனில் பேசினால் உன் அம்மா பக்கத்திலேயே காதை வைத்துக்கொண்டு நிற்கிறாள், அவளைப் பற்றி நான் சொல்லவேண்டிய விஷயத்தை அவள் எதிரில் எப்படிச் சொல்வது? நாளைக்கே தலைக்கனம் ஏறி எனக்குக் காபி கிடைக்காது. இப்போது அவள் மகளிர் குழுக் கூட்டத்துக்குப் போயிருக்கிறாள், அவள் வருவதற்குள் எழுதி ஒட்டிவிட வேண்டும்.

முதலில் வீட்டு விஷயம். இந்த வருஷம் மழை ஜாஸ்தி. பின்கட்டு ஓட்டில் போன வருஷம் ஒழுகிய இடத்தை அடைத்தேன், இந்த வருஷம் அது வேறு இடம் பார்த்து ஒழுகுகிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி இருக்கிறது, ஆனால் ஊரைச் சுற்றும்போது மட்டும் வலிப்பதில்லை, நான் கடைக்குப் போகச் சொன்னால்தான் வலிக்கிறது. எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, கவலைப்படாதே. பண்ருட்டியிலிருந்து நல்ல முந்திரி வாங்கி வைத்திருக்கிறேன், பார்சலில் அனுப்பலாம் என்றிருந்தேன், இப்போது அனுப்பப் போவதில்லை. காரணம் கடைசியில் சொல்கிறேன். குழந்தைக்கு அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும், காதை மூடி அனுப்பு. மாப்பிள்ளை இராத்திரி ஷிப்டு முடித்துவந்து வெறும் வயிற்றில் டீ குடிக்கிறார் என்று சொன்னாயே, அதை எப்படியாவது நிறுத்து.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பொங்கலுக்கு வர முடியாது, அவருக்கு லீவு இல்லை என்று தீபாவளியன்று சொன்னாய். உன் அம்மா சரி சரி என்று போனை வைத்துவிட்டாள், வைத்ததும் சமையலறைக்குள் போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை. நான் போய்ப் பார்த்தால் அடுப்பே எரியவில்லை, சும்மா நிற்கிறாள். லீவு எல்லாம் இல்லைங்க, அது அந்தப் பூங்கா கேட்டை மனசுல வச்சிக்கிட்டுத்தான் வரமாட்டேங்குது, அஞ்சு மாசமா அது குரலே சரியில்ல என்று சொன்னாள். நான் மறுக்கவில்லை, ஏனென்றால் எனக்கும் அதே சந்தேகம்தான். மே மாதம் நீங்கள் புதுக் காரில் வந்திருந்தபோது நடந்ததை நீ எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் உன் அம்மா பின்சீட்டில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளே, அன்று இராத்திரியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். பூங்கா கேட்டில் வண்டிக்குக் காசு வாங்குகிறவன் மகாராஷ்டிரா நம்பரைப் பார்த்து வெளியூர் ரேட்டு என்று சீட்டைக் கிழித்தானாம். நீ, நான் இந்த ஊரு பொண்ணுங்க, இங்கதான் படிச்சேன் என்றாயாம். அப்படின்னா ரேஷன் கார்டுல பேரு இருக்கா, காட்டுங்க என்றானாம். கல்யாணம் ஆனதும் எல்லார் வீட்டிலும் செய்வதுபோல் உன் பெயரைக் கார்டிலிருந்து எடுத்தாகிவிட்டது, உன் அம்மா கார்டும் வீட்டில் கிடந்தது, நீ எதைக் காட்டுவாய்? மாப்பிள்ளை விளையாட்டாக, உங்க ஊருலயே உனக்கு வெளியூர் ரேட்டா என்று சிரித்தாராம். அவர் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, அவர் குணம் எனக்குத் தெரியும். ஆனால் குழந்தை கேட்டதாமே, அம்மா, நீ இந்த ஊர் இல்லையா என்று. அதற்கு நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய் என்று உன் அம்மா சொன்னாள். இதில் கொடுமை என்னவென்றால் அந்த கேட்டுக்காரனே பண்ருட்டிக்காரன். கட்டண வசூலைக் குத்தகை எடுத்தவன் கொண்டுவந்து உட்காரவைத்த ஆள், நம் ஊருக்கு வந்து அப்போது ஒரு மாசம்கூட ஆகவில்லை, அவன் உன்னை வெளியூர் என்கிறான்.

உன் அம்மா கவுன்சிலர் ஆயிற்றே, அன்று ஏன் வாயைத் திறக்கவில்லை என்று நீ நினைத்திருக்கலாம். அவளால் திறக்க முடியாது. அந்த விதிக்குக் கைதூக்கியவர்களில் அவளும் ஒருத்தி, கேட்டில் எவரும் கட்சிப் பேரையோ கவுன்சிலர் பேரையோ சொல்லிச் சலுகை கேட்கக்கூடாது என்று மன்றத்தில் பேசியவளும் அவளே. அந்த விதி வந்த கதை உனக்குத் தெரியாது, கேள். பிச்சாவரம் போகிறவர்கள் வேன் வேனாக வந்து நம் ஆற்றங்கரைப் பூங்காவில் நிறுத்திச் சமைத்துச் சாப்பிட்டு இலையை அங்கேயே போட்டுவிட்டுப் போனார்கள், நம் ஜனங்களுக்கு சைக்கிள் நிறுத்த இடமில்லை. வீட்டு வரி கட்டுறவன் நாம, அந்தக் காசுலதான பூங்கா கட்டுனது, நமக்கு ஒரு ரேட்டு அவுங்களுக்கு ஒரு ரேட்டு வைக்கணும் என்று எல்லாரும் பேசினார்கள். அது நியாயம்தான், இன்றைக்கும் நான் அதை நியாயம் என்றுதான் சொல்வேன். ஆனால் உள்ளூர்க்காரன் யார் என்று எப்படித் தெரியும்? நம்பர் பிளேட்டில் நம் மாவட்டத்து முப்பத்தொன்று என்று இருந்தால் உள்ளூர் என்று தீர்மானம் போட்டார்கள். பெரிய மூளைக்காரர்கள்! முப்பத்தொன்று மாவட்டம் முழுக்க உண்டு, நெய்வேலிக்காரனும் விருத்தாசலத்துக்காரனும் ஜம்மென்று உள்ளூர் ஆகிவிட்டான். நம் ஊரிலோ வரி கம்மி என்று பாதிப் பேர் புதுச்சேரியில் யாராவது சித்தப்பன் விலாசத்தைக் கொடுத்து வண்டி வாங்கியவர்கள். அத்தனை பேரும் வெளியூர்! தலைவருடைய காரே புதுச்சேரி நம்பர்தான். நம் வீட்டு ஸ்கூட்டியைப் பற்றி உனக்கே தெரியும். வாய்விட்டுச் சண்டை போடவும் முடியவில்லை, போட்டால் விலாசம் யாருடையது என்ற பேச்சு வரும். எல்லாரும் திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல் வெளியூர்க் காசைக் கொடுத்துவிட்டு உள்ளே போனார்கள். நான் பூங்காவுக்குப் போவதையே நிறுத்திவிட்டேன். அப்புறம்தான் நம்பர் வேண்டாம், ரேஷன் கார்டு என்று மாற்றினார்கள். எல்லாரும் கார்டை ஜெராக்ஸ் எடுத்து வண்டிப் பெட்டியில் வைத்துக்கொண்டார்கள், பிரச்சினை தீர்ந்தது என்று உன் அம்மாவும் கைதூக்கினாள். கட்டிக்கொடுத்த பெண்களைப் பற்றி அந்த மன்றத்தில் ஒருத்தருக்கும் நினைப்பு வரவில்லை, பெண்களைப் பெற்றவர்கள்தான் பாதிப்பேர் அங்கே.

தீபாவளி லீவு முடிந்ததுமே உன் அம்மா பேரூராட்சிச் செயல் அலுவலரிடம் போய் அடுத்த கூட்டத்தில் இதைச் சேர்க்கவேண்டும் என்று எழுதிக்கொடுத்துவிட்டாள். ஊரில் பேச்சு கிளம்பியது. மூன்றாவது வார்டு சடையப்பன் இருக்கிறாரே, மாட்டுத் தீவனக் கடை, அவர் டீக்கடையில் எல்லார் எதிரிலும், தங்கம்மா மவளுக்காக ஊருச் சட்டத்தையே மாத்துறாங்க, குத்தகைக்காரன் நட்டத்துக்கு யாரு பதில் சொல்றது என்று பேசியிருக்கிறார். எனக்குக் காது வரை சூடேறியது. நான் மின்வாரியத்தில் முப்பது வருஷம் கம்பத்தில் ஏறி இறங்கியவன், ஊரில் எவனிடமும் சொந்த வேலைக்காக ஒரு பியூஸ் கம்பிகூடக் கேட்டதில்லை. இது வேண்டாம் தங்கம், பேரு கெட்டுப்போவும் என்று நானே சொன்னேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள், நீங்க பேசாம இருங்க என்று அர்த்தம். இத்தனை நாளும் மன்றத்தில் அவள் பேசவேண்டியதை நான்தான் எழுதிக்கொடுப்பேன், அவள் படித்துவிட்டு உட்காருவாள். இந்தத் தடவையும் நல்ல தமிழில் இரண்டு பக்கம் எழுதிக்கொடுத்தேன். வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனாள். உள்ளே வராதீங்க, வூட்டுக்காரரு சொல்லித்தான் பேசறேன்னுவாங்க என்று வாசலிலேயே நிறுத்திவிட்டாள். நான் பேரூராட்சி ஆபீஸ் பக்கவாட்டு ஜன்னலோரம் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கேட்டால் மழைக்கு ஒதுங்கினேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

சடையப்பன்தான் முதலில் எழுந்தார். அவர் பேசியதிலும் அர்த்தம் இல்லாமல் இல்லை. கோயில் திருவிழா தலைக்கட்டு வரியிலயே கட்டிக்குடுத்த பொண்ணுங்கள சேக்கிறதில்ல, வரி இங்க கட்டாதவங்க உள்ளூரு எப்படி ஆவாங்க, இன்னைக்குப் பொண்ணும்பாங்க, நாளைக்கு மருமவன், சம்பந்தி, சம்பந்தியோட கொழுந்தியான்னு வேன் வந்து நிக்கும் என்றார். நாலு பேர் மேஜையைத் தட்டினார்கள். உன் அம்மா எழுந்தாள். என் தாளை எடுப்பாள் எடுப்பாள் என்று பார்க்கிறேன், எடுக்கவே இல்லை. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒரு எழுத்துக் கூட்டவில்லை. சடையப்பண்ணே, எம் பொண்ணுக்காகத்தான் பேசறேன், இல்லன்னு நான் சொல்லல. ஆனா வெளியூருக்காரன்னா யாரு? நல்ல நாள்ல வந்து பாத்துட்டுப் போறவன். சுனாமி அன்னைக்கு நெனச்சிப் பாருங்க. அதிகாரிங்க வந்தாங்க, கட்சிக்காரங்க வந்தாங்க, கொற சொல்லல. அவுங்களுக்கெல்லாம் முன்னாடி பஸ்ஸப் புடிச்சி அரிசியும் போர்வையுமா வந்து எறங்குனது யாரு? இந்த ஊருல பொறந்து வேற ஊருல வாக்கப்பட்ட பொண்ணுங்க. பள்ளிக்கூடத்துல குப்பத்து ஜனத்துக்கு அடுப்பு மூட்டி ஆக்கிப் போட்டது அவுங்க கை. திண்டிவனத்துலேந்து உங்க பொண்ணு மொத பஸ்ஸுல வந்துச்சி, இடுப்புல புள்ளையோட, நான் கண்ணால பாத்தேன். எம் பொண்ணு வவுத்துப் புள்ளையோட நாக்பூர்லேந்து ரயில்ல நின்னுக்கிட்டே வந்துச்சி. அன்னைக்கு ஊரு எல்லையில நின்னு எவனாவது ரேஷன் கார்டு கேட்டானா? இவ்வளவுதான் பவானி. இதைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். குரல் ஏறவில்லை, இறங்கவில்லை, சந்தையில் கத்திரிக்காய் விலை கேட்கிற அதே குரல்.

தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சடையப்பன் தலையைக் குனிந்துகொண்டே இருந்தார், அப்புறம், அது சரிதான் தங்கம்மா, ஆனா கேட்டுல நிக்கிறவனுக்கு எப்படித் தெரியும், யாரு வேணா பொண்ணுன்னு சொல்லலாமே என்றார். உன் அம்மா உட்கார்ந்தபடியே, நம்மூரு ஆள நிக்க வையுங்க, யாரு வூட்டுப் பொண்ணுன்னு கேக்கட்டும், எந்தத் தெரு, பக்கத்து வூடு யாருன்னு கேக்கட்டும், பொய் சொல்றவ ரெண்டாவது கேள்வியில மாட்டிக்குவா என்றாள். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். முதலில் கைதூக்கியது சடையப்பன்தான், அதற்காக அவரை மன்னித்துவிட்டேன். ஒருத்தர் பாக்கியில்லாமல் எல்லாக் கையும் மேலே. இனிமேல் இந்த ஊரில் பிறந்த பெண் எந்த ஊர் வண்டியில் வந்தாலும் உள்ளூர்க் கட்டணம், கார்டு வேண்டாம், வாய்வார்த்தை போதும் என்று தீர்மானம் எழுதியாகிவிட்டது. கேட்டுக்கு நம் பழைய தபால்காரர் தேவசகாயத்தைப் போட்டிருக்கிறார்கள். எந்த வீட்டுப் பெண் எங்கே வாழ்கிறாள் என்று அவருக்குத் தபால் கொடுத்தே மனப்பாடம். நேற்றுகூட, பவானி எப்ப வருது என்று என்னைக் கேட்டார்.

கூட்டம் முடிந்து அவள் வெளியே வரும்போது நான் குடையோடு நின்றேன். மகளிர் குழுப் பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டதில் என்னால் கிட்டவே போக முடியவில்லை. கட்டிக்கொடுத்த பெண்கள் இருக்கிற வீட்டுக்காரிகள் எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். என் கண்ணிலும் தண்ணீர்தான், மழை பெய்துகொண்டிருந்தது நல்லதாகப் போயிற்று. வீட்டுக்கு வந்ததும் நான் எழுதிக்கொடுத்த இரண்டு பக்கத்தை எடுத்து, மொழி ரொம்ப நல்லா இருந்திச்சிங்க, ஆனா படிச்சா எனக்கு அழுகை வராது என்று திருப்பிக் கொடுத்தாள். முப்பது வருஷம் குடும்பம் நடத்தியும் இந்தப் பெண்பிள்ளையை நான் முழுசாகப் பார்த்ததில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அவ்வளவு பெருமையாக இருக்கிறது, தெருவில் நடக்கும்போது நெஞ்சு தானாக நிமிர்கிறது.

அதனால் முந்திரியை அனுப்பப் போவதில்லை, நீயே வந்து சாப்பிடு. மாப்பிள்ளைக்கு லீவு இல்லாவிட்டால் பரவாயில்லை, அவரிடம் நானே பேசுகிறேன், நீயும் குழந்தையும் ரயிலேறுங்கள். இங்கே ரயிலுக்குப் பெரிய பாதை போடுகிற வேலை இன்னும் முடியவில்லை, ஆகவே விழுப்புரத்தில் இறங்கு, நான் வந்து நிற்கிறேன். கடிதம் கிடைத்த அன்றே டிக்கெட்டைப் போடு, பொங்கல் நெருங்கினால் கிடைக்காது. குழந்தைக்கு ஸ்வெட்டர் ஒன்று போதும், இங்கே குளிர் இல்லை. உங்கள் மூவருக்கும் எங்கள் ஆசீர்வாதம், தீர்க்காயுசோடு நிறைந்து வாழுங்கள்.

வந்த மறுநாள் சாயங்காலம் சிந்துஜாவை முன்னால் நிற்கவைத்துக்கொண்டு நம் ஸ்கூட்டியில் பூங்காவுக்கு நீ மட்டும் போ. தேவசகாயம் உன்னை அடையாளம் கண்டாலும் விதிப்படி யார் வீட்டுப் பெண் என்று கேட்பார். பள்ளிக்கூடத்தில் சேர்ந்த நாளிலிருந்து கலியமூர்த்தி மகள் என்று சொல்லியே உனக்குப் பழக்கம். அன்றைக்கு அப்படிச் சொல்லாதே. தங்கம்மாள் மகள் என்று சொல். குழந்தைக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொல்.

இப்படிக்கு,
உன் அப்பா,
ந. கலியமூர்த்தி