கடல் முள்ளெலிக்கு ஒரு லைசென்ஸ்

ரொறன்ரோ
18.08.1996

அன்புள்ள தம்பி அகஸ்ரினுக்கு,

மச்சாள் வேரோனிக்கா எழுதுவது. நாங்கள் சுகம். பேசாலையில் நீரும் பிள்ளைகளும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன்.

நாங்கள் இருக்கும் சென் ஜேம்ஸ் ரவுணில் இம்முறை சரியான வெக்கை. மகன் டெனிஸ்டனுக்கு வேலை கிடைத்துவிட்டது. உம்முடைய அண்ணா தொழிற்சாலையில் லீவு எடுத்து, வன்கூவரில் இருக்கும் மகள் ஏஞ்சலாவிடம் போய்வந்தார். இங்குள்ள வாவியை அவர் எட்டியும் பார்ப்பதில்லை, உப்பு மணக்காத தண்ணி என்பார். எட்டு வருசத்துக்குப் பிறகு இப்போதுதான் கடலில் கால் வைத்தார்.

அங்கே பாறையெல்லாம் கடல் முள்ளெலியாம். முள்ளுப் பந்து மாதிரி வலையில் சிக்கினால் நீரும் அண்ணாவும் ஏசி ஏசி எறிவீர்களே, அதேதான். இங்கே அதை உடைத்துப் பச்சையாய்ச் சாப்பிடுகிறார்கள். பிடிக்க லைசென்ஸ் வேண்டும், ஒருவருக்கு ஒரு நாளைக்கு இத்தனைதான், விற்கக்கூடாது. இதற்கும் சட்டமோ என்று அண்ணா சிரித்தாராம். ஏஞ்சலா இருவருக்கும் லைசென்ஸ் எடுத்திருக்கிறாள்.

கடல் வற்றும் நேரம் பார்த்து இறங்கியிருக்கிறார்கள். அண்ணா பழைய கதைகள் சொன்னாராம். நீர் சின்னப்பிள்ளையாய் வள்ளத்தில் நித்திரையானது, நீக்கிலாஸ் மாமா பாய் இழுத்துப் பாடினது எல்லாம்.

அப்போது காக்கி உடுப்போடு ஒருவர் கரையால் வந்து கூப்பிட்டிருக்கிறார். அண்ணா வாளியைப் போட்டுவிட்டு, அங்கே நேவி கூப்பிட்டால் செய்ததுபோல இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு தண்ணிக்குள் முழந்தாளிட்டாராம்.

"அப்பா, கையை இறக்குங்கோ. லைசென்ஸ்தான் கேக்கிறார்" என்று ஏஞ்சலா அழுதிருக்கிறாள்.

அந்த மனிசன் தொப்பியைக் கழற்றிவிட்டு, தானே குனிந்து வாளியை நிமிர்த்தி எண்ணிப் பார்த்தாராம். உங்கள் பங்கு இன்னும் முடியவில்லை, இறங்கலாம் என்றாராம். அண்ணா எழும்பி, கழுத்தளவுக்குப் போய் மூழ்கி எழும்பினாராம். அப்பாவின் அந்தச் சிரிப்பைத் தான் முன்பு கண்டதேயில்லை என்கிறாள் ஏஞ்சலா.

என்னிடம் அவர் சொன்னது ஒன்றுதான். "கடலுக்குள்ள போகாதை எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை, வேரோனிக்கா."

நேற்று உம்முடைய கடிதம் வந்தது. நேவி பாஸில் விட்ட எல்லைக்குள் மீன் இல்லை, அதற்கு அப்பாலும் போய் வலை போடுகிறேன் என்று எழுதியிருக்கிறீர். வாசித்தவர் சாப்பிடாமல் பல்கனியில் நிற்கிறார். பதில் எழுதச் சொன்னேன், பேனையை எடுத்துவிட்டு வைத்துவிட்டார். அதனால்தான் நான் எழுதுகிறேன்.

தம்பி, மீன் இல்லாவிட்டால் இல்லாமல் போகட்டும். அவர்கள் நில் என்று சொன்ன இடத்தில் நின்றுவிடும். அண்ணாவுக்கு நீர் ஒருவர்தான் மிச்சம். மருதமடு மாதா உம்மை ஒவ்வொரு நாளும் கரை சேர்க்கட்டும்.

அன்பு மச்சாள்,
வேரோனிக்கா அமிர்தநாதர்