நாலு பேருக்கு நாலு ரகசியம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சௌக்கியம். உங்க முட்டிவலியும் அம்மாவோட இருமலும் குறைஞ்சிருக்கணும்.

பயப்பட ஒண்ணுமில்லை, ஆபீஸ்ல ஒரு கூத்து. போன மாசம் டீம் லீடர் என்னைத் தனியா கூப்பிட்டு, "இனிமே இந்தப் புது புரோகிராமிங் மொழிதான். படிச்சா நல்லா வருவே. மத்தவங்களுக்குச் சொல்லாதே"ன்னார். பூட்டை மூணு தடவை இழுத்துப் பார்க்கிற உங்க மகளாச்சே, அப்பவே உறுத்துச்சு. நேத்து சாப்பிடும்போது எங்க டீம்ல மத்த மூணு பேர் வாயையும் கிளறினேன். எல்லார்கிட்டயும் இதேதான் சொல்லியிருக்கார், ஆனா ஆளுக்கொரு மொழி! எது நிலைக்கும்னு அவருக்கே தெரியலை. எங்களை நாலு பக்கம் ஓட விட்டுப் பார்க்கிறார். ஒருத்தர் பிழைச்சா, மீதி மூணு பேர் கதி?

இன்னிக்கு நாலு பேரும் நாலு மேசையில சாப்பிட்டோம்.

நான் அவர் சொன்னதை விட்டுட்டேன். பீரோ மேல என் காலேஜ் டேட்டாபேஸ் நோட்டு இருக்கும், நீல அட்டை. அனுப்புங்க. எந்த மொழி வந்தாலும் அந்த அடிப்படை உதவும். உள்ளே உங்க கையால ரெண்டு வரி எழுதி வைங்க. போன்ல "நல்லா இருக்கோம்"னு நீங்க சொல்றதையும் நான் நம்பறதில்லை.

பஸ் ஸ்டாப்ல உட்கார்ந்துதான் இதை எழுதறேன், பஸ் வந்துடுச்சு. நான் எதைப் படிக்கிறேன்னு இங்க யார்கிட்டயும் சொல்லலை. சொல்றதுக்கு ஆளே இல்லைங்கிறது வேற விஷயம்.

உங்க மகள்